மேலே திறந்த குழல்

மளிகைக் கடை வாசலில் என் வண்டிக்குள் ஏறியவனை நான் சுட்டேன். அவன்மேல் படவில்லை. பட்டதெல்லாம் எனக்குத்தான்.

இதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பு வரும். பிறகு ராய்ஸ் பக்கத்தில் நிற்கிறானா என்று பார்த்துவிட்டு அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள். ராய்ஸ் என் புருஷன். டயர் கடை வைத்திருக்கிறான். அது வயிற்றுப்பாட்டுக்கு. அவன் உயிர் இருப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில். அங்கே வைத்துத்தான் ஊராரின் கைத்துப்பாக்கிகளுக்குக் குழல் வெட்டித் தருகிறான். குழலின் மேல்பக்கம், முனைக்குக் கொஞ்சம் உள்ளே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளவு. சுடும்போது உள்ளிருந்து வரும் சூட்டில் ஒரு பங்கு அந்தப் பிளவு வழியாக மேலே சீறும். அந்த வேகம் குழலைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். கை எகிறாது, அடுத்த குண்டு குறி தவறாது. ராய்ஸ் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதிரியார்கூட கடிகாரத்தைப் பார்ப்பார்.

எனக்கு ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கூடிவிட்டது, ஆனால் பழைய பலம் வரவில்லை. தானியக் கிடங்கு எடைமேடையில் உட்கார்ந்து லாரிக்காரர்களிடம் பேசும் வேலைக்கு அந்தக் கை போதும். துப்பாக்கிக்குப் போதாது என்று ராய்ஸ் மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு ஒரு பெட்டி கொடுத்தான். உள்ளே ஜோடியாக இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒன்றில் அவன் பெயர், ஒன்றில் என் பெயர், இரண்டிலும் மேலே அதே பிளவுகள். அவனே செதுக்கியது. மற்ற பெண்களுக்குச் சங்கிலி வரும், எனக்கு இது வந்தது. நான் குறை சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் கையை நீட்டிச் சுட்டபோது அது வெண்ணெயில் கத்தி போவதுபோலத்தான் இருந்தது. ராய்ஸ் எல்லோரையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினான்.

அதே கிளப்பில் லெஸ்டர் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறான். ராய்ஸின் பள்ளிக்கூடக் கூட்டாளி, பழைய போலீஸ்காரன், தொப்பை பெரியது, வாய் அதைவிடப் பெரியது. அவன் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் என் மண்டையில் நின்றது.

"பக்கத்துல வந்துட்டான்னா கைய நீட்டாதீங்கம்மா. நீட்டினா பிடுங்கிடுவான். முழங்கைய பின்னால இழு, துப்பாக்கிய விலாவோட ஒட்டு, அப்புறம் சுடு. கண்ணால குறி பாக்க வேணாம். அவ்ளோ கிட்டக்க குறி எதுக்கு?"

புருஷன் தந்தது நல்ல துப்பாக்கி. லெஸ்டர் தந்தது நல்ல பாடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளப்பில் அட்டையைச் சுட எல்லோரும் கையை நீட்டித்தான் சுடுவோம். விலாவோடு ஒட்டிப் பழகியதெல்லாம் குண்டு போடாத துப்பாக்கியை வைத்து.

ஜனவரியில் ஒரு சாயங்காலம். வெளிச்சம் போயும் போகாமலும் இருந்த நேரம். நாய்த் தீனி மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மறுபக்கக் கதவு திறந்தது. ஒருவன் பாதி உடம்பை உள்ளே நுழைத்து என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தான். குல்லாய், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு மேல்சட்டை, புதினாப் புகையிலை வாடை. எங்கள் வட்டாரத்தில் பாதி ஆண்கள் அந்த வாடைதான். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை தானாகப் பைக்குள் போனது. முழங்கையைப் பின்னால் இழுத்தேன். விலாவோடு ஒட்டினேன். லெஸ்டர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பான்.

சுட்டேன். கீழேயிருந்து ஒரு வெள்ளை நெருப்பு கிளம்பி என் முகத்தில் அறைந்தது.

அவன்தான் என்னைச் சுட்டுவிட்டான் என்று நினைத்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது. காதுக்குள் ஒரே விசில். இடது கண்ணுக்குள் யாரோ மணலைக் காய்ச்சி ஊற்றியதுபோல எரிந்தது. என் காலரை விட்டுவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது. குண்டு கதவுத் தூணில் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பிறகுதான் சொன்னார்கள். அவன் ஓடிப் போயிருந்தான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், துப்பாக்கி மடியில், ஒரு பெண் ஜன்னலைத் தட்டித் தட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணிலிருந்து வெடிமருந்துத் துகள்களை எடுத்தார்கள். வலது கண் தேறிவிட்டது. இடது கண்ணில் தழும்பு. இனிமேல் அதில் எல்லாம் வெண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் தெரியுமாம். வண்டிக்குள் மூடிய இடத்தில் சுட்டதால் இடது காதும் போனது. அதையெல்லாம் டாக்டர் சொன்னபோது நான் தலையாட்டினேன். வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்பதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. கோபம் வரவில்லை. பல் பிடுங்க மரத்துப் போகிற ஊசி போடுவார்களே, அந்த மாதிரி, ஆனால் முழு உடம்புக்கும். அது எப்போது விடும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கேசரோல்கள், அக்கம்பக்கத்தார் அடுப்பில் வேகவைத்துப் பாத்திரத்தோடு கொண்டுவந்து தரும் சாப்பாடு. எங்கள் ஊரில் யாராவது செத்தால்தான் அத்தனை கேசரோல் வரும். கோழி, உருளை, பீன்ஸ், எல்லாவற்றின் மேலும் பாலாடைக்கட்டி. ராய்ஸ் சூடு பண்ணித் தட்டில் போட்டுக் கொடுப்பான், நான் தின்பேன். எது யார் செய்தது என்று கேட்கக்கூட இல்லை.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து நடீன் வந்தாள். சின்ன வயசில் எங்கள் தேவாலயப் பாட்டுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று பொய்யாக வாயசைத்தவள். இப்போது இடுப்பில் துப்பாக்கி, கையில் காபி.

"மிஸ் வெர்னா, கோல்பியப் பிடிச்சு வெச்சிருக்கோம்," என்றாள். "அந்த நேரத்துல கடைப் பக்கம் நடமாடினான்னு ரெண்டு பேர் சொல்றாங்க. அவன்கிட்ட சாம்பல் கலர் சட்டையும் இருக்கு. வேற ஒண்ணும் கைல இல்ல."

"இந்த ஊர்ல சாம்பல் கலர் சட்டை இல்லாதவன் யாரு? உன் அப்பாகிட்டயே இருக்கு."

"அதான் உங்ககிட்ட வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போட்டோக்கள் கொண்டு வரேன். நீங்க பாத்துட்டு இவன்தான்னு சொன்னா வருஷக்கணக்கா உள்ள இருப்பான். தெரியலன்னு சொன்னா அன்னிக்கே வெளிய வந்துடுவான். நான் எந்த வார்த்தையையும் உங்க வாய்ல திணிக்கல. யோசிங்க."

கோல்பி ராய்ஸின் டயர் கடையில் வேலை பார்த்தவன். முப்பது வயது இருக்கும். வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவில் நின்று, "மிஸ் வெர்னா, பிஸ்கட் மிச்சம் இருக்கா?" என்று கேட்பான். போன இலையுதிர் காலத்தில் கடையில் ஒரு விலை உயர்ந்த ரென்ச் காணாமல் போனது. கோல்பிதான் எடுத்தான் என்று ராய்ஸ் அவனைத் துரத்திவிட்டான். அவன் எடுத்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. என் வண்டிக்குள் ஏறியது அவன்தானா, அதுவும் தெரியாது. அவனாகவும் இருக்கலாம். அதுதான் தொல்லை. அவன் இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நடீன் போனதும் ராய்ஸ் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"அவன்தான், வெர்னா."

"நீ அங்க இருந்தியா?"

"நீ இருந்தியே. சுட்டப்ப அவ்ளோ வெளிச்சம் வந்திருக்கும். எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி போட்டோ பிடிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கணும். அதிர்ச்சில மறந்திருக்கே. நிதானமா யோசி."

"வெளிச்சம் அவன் மேல விழல ராய்ஸ். என் கண்ணுக்குள்ள விழுந்துச்சு."

அவன் எழுந்து போய் நாய்க்குத் தீனி வைத்தான்.

அவன் ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று எனக்குச் சனிக்கிழமை கிளப்பில்தான் விளங்கியது. மாதம் ஒரு முறை எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாள். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கண்ணில் கட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். லெஸ்டர் என் தட்டில் ஒரு துண்டு பிரவுனி கேக்கை வைத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். அவன் வாய் அவனை விடவில்லை.

"ராய்ஸ், கோவிச்சுக்காத. உன் ஓட்டைதான் இவ கண்ணத் தின்னுச்சு."

"ஓட்டையா? நீ சொல்லிக் குடுத்த லட்சணம்டா அது! கைய நீட்டிச் சுட்டிருந்தா ஒரு பொறிகூட மேல பட்டிருக்காது."

"வண்டிக்குள்ள எங்கடா நீட்டறது? அவன் வாய்க்குள்ளயா?"

நாலு பேர் சிரித்தார்கள். ராய்ஸின் கழுத்து சிவந்தது.

"பந்தயத்துக்குச் சுடறவனுக்கு அது நல்லதுதான், நான் இல்லேங்கல," என்றான் லெஸ்டர், இந்த முறை குரலைத் தாழ்த்தி. "பகல்ல, கண்ணாடி போட்டு, காது மூடி. உயிர் காக்கிறதுக்கு இருட்டுற நேரத்துல, வயித்துக்கிட்ட வெச்சு சுடறவளுக்கு ஆகாது. நெருப்பு மேல வரும். சத்தம் மூஞ்சிக்கு வரும். கண்ணு போயிடும். எனக்கே முன்னாடி தோணிருக்கணும். தோணல."

"அவ அவனப் பாத்தா," என்றான் ராய்ஸ். "கண்ணு ஒண்ணும் போகல. அவன் மூஞ்சியப் பாத்திருக்கா. வெள்ளிக்கிழமை சொல்லுவா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிரவுனியைத் தின்றுகொண்டிருந்தேன். அதில் ருசியே இல்லை, சர்க்கரை போட மறந்திருந்தார்கள் என்று நினைத்தேன். அப்போது புரிந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் இடுப்பில் ராய்ஸ் வெட்டிய குழல் இருக்கிறது. நான் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் அந்த நெருப்பு ஒன்றும் பெரிதில்லை என்று ஆகிவிடும். கோல்பி உள்ளே போனால் ராய்ஸின் குழல் பழியிலிருந்து வெளியே வந்துவிடும். ராய்ஸ் இதைத் திட்டம் போட்டுச் செய்தான் என்று சொல்ல மாட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. தன் கையால் என் கண்ணைக் கெடுத்தான் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. வேறு ஒருவன் வேண்டியிருந்தது.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துத்தான் கிடந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவன் விடவில்லை. காபி ஊற்றும்போது, "கன்னத்துல மச்சம் பாத்தியா?" என்பான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது, "தாடி இருந்துச்சா, அரைகுறையா?" என்பான். ஒரு கட்டத்தில் எனக்கே கோல்பியின் முகம் அந்த வண்டிக் கதவில் தெரிய ஆரம்பித்தது. அவன் சிரித்துக்கொண்டு, பிஸ்கட் மிச்சம் இருக்கா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. வீடு அமைதியாகும். ராய்ஸ் மறுபடி கொட்டகைக்குள் போவான். நானும் தூங்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் காலி கேசரோல் பாத்திரங்களைக் கழுவினேன், அவரவரிடம் திருப்பிக் கொடுக்க. இங்கே எல்லோரும் பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நல்ல கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஒரு நீலப் பாத்திரத்தின் அடியில் ரீனா என்று இருந்தது. ரீனா கோல்பியின் பெண்டாட்டி. முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷனை உள்ளே பிடித்து வைத்திருக்கும்போது இவள் எனக்கு உருளையும் கோழியும் வேகவைத்து அனுப்பியிருக்கிறாள். எந்த நாள் வந்தது, யார் கதவைத் திறந்து வாங்கினார்கள், எதுவும் தெரியவில்லை. நான் அதைத் தின்றிருக்கிறேன். நன்றாக இருந்ததா என்றுகூட நினைவில்லை.

அந்தப் பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு கொட்டகைக்குப் போனேன்.

"ராய்ஸ், உன் ஜோடித் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வா."

என்னுடையது ஷெரீஃப் ஆபீஸில் இருந்தது. அவனுடையது வீட்டில்தான் இருந்தது. அச்சில் வார்த்தாற்போல அதே அளவு, அதே பிளவுகள்.

"எதுக்கு?"

"நான் சுட்ட மாதிரியே சுடு. அதே வெளிச்சத்துல. விலாவோட ஒட்டி. சுட்டதும் உன் தோளத் தட்டுவேன். திரும்பி என் கையப் பாரு. எத்தனை விரல் காட்டறேன்னு சொல்லு. சரியாச் சொன்னா நாளைக்கு நடீன்கிட்ட கோல்பின்னு சொல்லிடறேன். நீ இன்னொரு தரம் கேக்கவே வேணாம்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயம். பிறகு வீம்பு வந்து அதை மூடிவிட்டது.

"இதென்ன பெரிய விஷயம்," என்றான்.

பொழுது சாயும்வரை காத்திருந்தோம். கொட்டகைக்குப் பின்னால் சுட்டுப் பழகுவதற்கென்று அவன் குவித்த மண்மேடு இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டான். காதை அடைத்துக்கொண்டான். எனக்கு இதெல்லாம் போட்டுக்கொள்ள யாரும் நேரம் தரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் கண்ணும் போவதில் எனக்கு என்ன லாபம்? நானும் காதை அடைத்துக்கொண்டு அவன் இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றேன்.

அவன் முழங்கையை இழுத்தான். துப்பாக்கி விலாவிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. இத்தனை நாள் இதைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசியவனுக்குத் தன்னை அறியாமலே கை முன்னால் போயிற்று.

"இன்னும் உள்ள," என்று கத்தினேன். "ஒட்டு. நான் ஒட்டித்தான் பிடிச்சேன்."

ஒட்டினான். சுட்டான்.

நெருப்பு இரண்டு நாக்காக மேலே எழுந்து அவன் தாடியைத் தாண்டிப் போனது. வெளியிலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்னதா என்றிருந்தது. முடி கருகிய வாடை வந்தது. தோளைத் தட்டினேன். அவன் திரும்பினான். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்த வேலிக்கம்பத்தைப் பார்த்து இமை கொட்டிக்கொண்டிருந்தன. காது அடைப்பை இழுத்துவிட்டுக் கேட்டேன்.

"எத்தனை?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"மூணு," என்றான்.

என் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

நான் உள்ளே போய் நடீனைப் போனில் கூப்பிட்டேன்.

"போட்டோ கொண்டு வரதுன்னா கொண்டு வா, நடீன். ஆனா நான் யாரையும் பாக்கல. ஒரு குல்லாய், ஒரு சட்டை. அப்புறம் நெருப்பு. அவ்ளோதான். கோர்ட்ல கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

"சரிங்க, மிஸ் வெர்னா," என்றாள். பிறகு, "ராய்ஸுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இங்கதான் இருக்கான்."

போனை வைத்தேன். ராய்ஸ் பின்கட்டுக் கதவில் நின்றான். கோல்பி நிற்கும் அதே இடம். தாடியின் ஒரு பக்கம் சுருண்டிருந்தது. மோவாயில் சிவப்பாக ஒரு கோடு. முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டா?" என்று கேட்டான்.

நான் ரீனாவின் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்ல கண்ணிலிருந்தும் வந்தது, கெட்ட கண்ணிலிருந்தும் வந்தது. உப்பு எரிந்தது.

"கைய வெளிய எடுக்கவே இல்ல, ராய்ஸ்."

அவன் தொப்பியைக் கழற்றினான். என் கோட்டைப் பார்த்தான், அதன் பைகளைப் பார்த்தான்.

"நீ காட்டியிருப்பேன்னு நெனச்சேன்," என்றான்.

"தெரியும். என் வண்டிக்குள்ள கோல்பி இருந்தான்னு நீ நெனச்சதும் அப்படித்தான்."

நான் பாத்திரத்தைப் பையில் போட்டு வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். சாயங்காலத்தில் என்னால் இனி ஓட்ட முடியாது, ரீனா வீட்டுக்கு அவன்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.